ஊர்விட்டுப் போன சமன்பாடு
பிறேமிங்ஹாம் இருதய ஆய்வும் ஆபத்துக் கணிப்பின் வரலாறும்

பஞ்சாங்கத்தைக் கணிப்பவர் ஒருவர். அதைப் பார்த்து நாள் குறிப்பவர் வேறொருவர். கணித்தவர் அறிந்திருக்கும் கிரக கணிதம் பார்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை. கணிதத்தின் விளைவு அச்சேறி வீட்டுக்கு வீடு செல்கிறது. கணிதம் கணித்தவரிடமே தங்கிவிடுகிறது. இப்பிரிவினாலேயே பஞ்சாங்கம் பலருக்கும் பயன்படுகிறது. ஆயினும், யாழ்ப்பாணத்துக்குக் கணிக்கப்பட்ட சூரிய உதயம் இலண்டனுக்குப் பொருந்தாது என்பதை யாவரும் அறிவர். புத்தகத்தின் அட்டையிலே இடத்தின் பெயர் அச்சிடப்பட்டிருப்பதே அதற்குக் காரணம். பெயர் இல்லாதிருந்தால் எண்கள் மட்டுமே எஞ்சும். அவை எவ்விடத்துக்கும் பொருந்துவன போலத் தோன்றும்.

இருபதாம் நூற்றாண்டின் புள்ளிவிபரவியல் உலகுக்கு அளித்த முக்கியமான கருவிகளுள் ஒன்று முன்கணிப்பு மாதிரியுரு ஆகும். பலரைப் பல்லாண்டு நோக்கித் திரட்டிய தரவுகளிலிருந்து ஒரு சமன்பாட்டைப் பெற்று, அதனைக் கொண்டு இதுவரை கண்டிராத ஒருவரின் எதிர்காலத்தைப் பற்றி ஓர் எண்ணைக் கூறுவதே அதன் பணி. அது ஆக்கப்படும் இடம் ஆய்வாளரின் கணனி. பயன்படும் இடமோ வைத்தியரின் மேசை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியிலே சமன்பாட்டுக்கு நேர்ந்தது என்ன என்பதை, இத்துறையில் முன்னோடியாக விளங்கும் பிறேமிங்ஹாம் இருதய ஆய்வின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வின் பிறப்பு

ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதி பிராங்கிளின் றூஸ்வெல்ற் 1945 ஏப்ரல் 12ஆந் திகதி மூளையில் ஏற்பட்ட குருதிப்பெருக்கினால் இறந்தார். இறுதி வேளையில் அவரது குருதியமுக்கம் 300/190 ஆக இருந்ததென அவரது வைத்தியர் பின்னர் எழுதினார். உலகப் போரை நடத்திய தலைவர் ஒருவரின் குருதியமுக்கம் ஆண்டுக்கணக்கில் உயர்ந்து சென்றபோதும், அதனைத் தடுக்கவல்ல மருந்து அக்கால வைத்தியத்திடம் இருக்கவில்லை. அவ்வுயர்வைப் பாரதூரமான ஒன்றாகக் கொள்ளும் வழக்கமும் வைத்தியர் பலரிடம் இருக்கவில்லை. முதுமையோடு அமுக்கம் ஏறுவது இயற்கையே என்பது அன்றைய கருத்து.

1948இல் சனாதிபதி ட்றூமன் ஒப்பமிட்ட சட்டத்தின்படி தேசிய இருதய நிறுவகம் அமைந்தது. அதே ஆண்டில் மசச்சுசெற்ஸ் மாநிலத்தில், பொஸ்ரன் நகருக்கு மேற்கே அமைந்த பிறேமிங்ஹாம் என்னும் சிறு நகரில் ஆய்வு தொடங்கியது. 1917இல் காசநோய்த் தடுப்புத் திட்டமொன்றிற் பங்குபற்றிய பழக்கமும் அந்நகரத்தவருக்கு இருந்தது. 5,209 ஆண்களும் பெண்களும் ஆய்விற் சேர்ந்தனர். இரண்டாண்டுக்கு ஒருமுறை அவர்கள் பரிசோதிக்கப்பட்டனர். அவர்கள் நோயாளர்கள் அல்லர் என்பது கருத்திற் கொள்ளத்தக்கது. நோய் வந்தபின் காரணம் தேடாமல், நோய் வருமுன்னரே அளந்து வைத்து, யாருக்கு வருகிறது எனக் காத்திருந்து பார்ப்பதே இவ்வாய்வின் புதுமை.

1961இல் கனெல் முதலானோர் வெளியிட்ட கட்டுரை, உயர்ந்த குருதியமுக்கம், மிகுந்த கொலஸ்ரரோல் முதலியவற்றை நோயின் ‘ஆபத்துக் காரணிகள்’ என்ற கருத்தில் வைத்து விளக்கியது. இன்று பாடசாலை மாணவரும் வழங்கும் இத்தொடர் மருத்துவ உலகிற் பரவுவதற்கு அக்கட்டுரை பெரிதும் துணைநின்றது.

சமன்பாட்டின் தோற்றம்

காரணிகளைத் தனித்தனியே இனங்காண்பது ஒன்று. அவை ஒருவரிடத்தே ஒன்றுசேரும்போது நிகழ்வதைக் கூறுவது வேறொன்று. பழைய முறை அட்டவணை முறையாகும். அதாவது, ஒவ்வொரு காரணியையும் தாழ்வு, இடை, உயர்வு என மூன்றாக வகுத்து, ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு பெட்டி அமைத்து, அப்பெட்டியில் உள்ளோருள் எத்தனை பேர் நோயுற்றனர் என எண்ணுவதாகும். காரணிகள் ஏழு ஆயின் பெட்டிகள் 2,187 ஆகும். 1967இல் ட்றூயெற், கோண்பீல்ட், கனெல் ஆகிய மூவரும் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் ஆராயப்பட்ட ஆண்களின் தொகையும் 2,187 ஆக அமைந்தது. பெட்டிக்கு ஒருவர் என்ற கணக்கு! ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு வீதம் காண்பது இயலாத காரியம்.

இச்சிக்கலுக்கு விடை கண்டவர் ஜெரோம் கோண்பீல்ட். அவர் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்று 1933இல் பட்டம் பெற்றவர் என்பதும், கலாநிதிப் பட்டம் பெறாமலே அமெரிக்கப் புள்ளிவிபரவியற் கழகத்தின் தலைவராக உயர்ந்தவர் என்பதும் கலைப்பீடத்தார் அறிந்திருக்க வேண்டிய செய்திகள். பெட்டிகளை அகற்றிவிட்டு, ஒவ்வொரு காரணிக்கும் ஒரு எடையைக் கொடுத்து, எடைகளின் கூட்டுத்தொகையை நிகழ்தகவாக மாற்றும் வளைகோடு ஒன்றை அவர் பயன்படுத்தினார். வயது, கொலஸ்ரரோல், குருதியமுக்கம், உடற்பருமன், ஈமோகுளோபின், புகைத்தல், இருதய மின்வரைபு ஆகிய ஏழும் அச்சமன்பாட்டிற் சேர்ந்தன. பன்னிரண்டாண்டு நோக்கலின் பயன் ஒரு வரியில் அடங்கியது.

இவ்விடத்து ஒரு வேறுபாடு தெளிவாகிறது. சமன்பாட்டை ஆக்குவதற்கு ஆயிரக்கணக்கான மனிதரும், பல்லாண்டுக் காலமும், அன்று பெரிய நிறுவனங்களிடம் மட்டுமே இருந்த கணனியும் வேண்டும். ஆக்கியபின் அதனைப் பயன்படுத்துவதற்கோ பெருக்கலும் கூட்டலும் மடக்கை அட்டவணையும் போதும். மாதிரியுரு தன்னைப் பெற்ற இயந்திரத்தை விட்டு வெளியேறக்கூடியதாவது இவ்வேற்றுமையினாலேயே ஆகும்.

நூலும் படமும் புள்ளியும்

வெளியேறுவதற்கு ஊர்தி ஒன்று தேவைப்பட்டது. 1970களின் வைத்தியரிடம் கணனி இல்லை. அடுக்குக்குறிச் சார்பைக் கையாற் கணிக்க அவருக்கு நேரமும் இல்லை. ஆதலால் 1973இல் அமெரிக்க இருதயச் சங்கம் ஒரு கைந்நூலை வெளியிட்டது. வயது, பால், குருதியமுக்கம், கொலஸ்ரரோல், புகைத்தல் முதலியவற்றின் பல்வேறு கூட்டுகளுக்கும் சமன்பாடு தரும் விடைகள் அதில் முன்கூட்டியே கணித்து அச்சிடப்பட்டிருந்தன. பெட்டிகளை ஒழிக்கப் பிறந்த சமன்பாடு, மக்களிடம் செல்வதற்கு மீண்டும் பெட்டிகளுக்குள் புகுந்தமை வரலாற்றின் விநோதங்களுள் ஒன்றாகும்.

1991இல் அன்டர்சன் முதலானோர் புதிய தரவுகளைக் கொண்டு சமன்பாட்டைத் திருத்தி, புள்ளிக் கணக்கையும் அதனோடு சேர்த்து வெளியிட்டனர். 1993இல் நியூசிலாந்து வைத்தியர்கள் அச்சமன்பாட்டை நிறந் தீட்டிய படமாக்கினர். 1995இல் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரிலிருந்து ஓர் அட்டவணை வந்தது. 1998இல் வில்சன் முதலானோர் வெளியிட்ட புள்ளிமுறை உலகெங்கும் பரவியது. இப்புள்ளிமுறை ஆக்கப்படும் விதத்தைச் சலிவன், மசாறோ, டி அகொஸ்ரினோ ஆகியோர் 2004இல் விரிவாக விளக்கினர். வயதில் ஐந்தாண்டு கூடுவதனால் ஏற்படும் ஆபத்தை ஒரு புள்ளி என வைத்துக்கொண்டு, ஏனைய காரணிகள் ஒவ்வொன்றும் எத்தனை ஐந்தாண்டுகளுக்குச் சமம் எனக் கண்டு, முழு எண்ணாக்கி எழுதுவதே அம்முறை. எழுத்தறிவும் கூட்டலும் தெரிந்த எவரும் அதனைக் கையாளலாம்.

இவ்வெளிமைக்குக் கொடுத்த விலையும் உண்டு. ஐம்பது வயதினரும் ஐம்பத்து நான்கு வயதினரும் ஒரே வகுப்பில் அடங்கினர். முழு எண்ணாக்கும்போது எடைகள் சற்றே கூடின அல்லது குறைந்தன. இவை அறிந்து செய்த விட்டுக்கொடுப்புகள். அவற்றின் அளவையும் ஆக்கியோர் கணித்திருந்தனர். ஆனால் அறியாமலே இழக்கப்பட்டவையும் உண்டு. அவற்றை உணர்வதற்குச் சமன்பாட்டின் உறுப்புகளைப் பிரித்து நோக்குதல் அவசியமாகும்.

சமன்பாட்டின் உறுப்புகள்

2008இல் டி அகொஸ்ரினோ முதலானோர் வெளியிட்ட பொதுச் சமன்பாட்டை உதாரணமாகக் கொள்ளலாம். 8,491 பேரின் தரவுகளிலிருந்து பெறப்பட்ட இது, பத்தாண்டுக்குள் மாரடைப்பு, பாரிசவாதம் முதலிய இருதய, குருதிக்கலன் நோய்களுள் ஒன்று ஏற்படும் நிகழ்தகவைத் தருவது. ஆண்களுக்கான சமன்பாட்டில் வயதின் இயற்கை மடக்கை 3.06117ஆலும், மொத்தக் கொலஸ்ரரோலின் மடக்கை 1.12370ஆலும், சிகிச்சை பெறாதவரின் மேற்குருதியமுக்கத்தின் மடக்கை 1.93303ஆலும் பெருக்கப்படும். எச்.டி.எல். என்னும் நற்கொழுப்பின் மடக்கை 0.93263ஆற் பெருக்கிக் கழிக்கப்படும். புகைப்பவருக்கு 0.65451உம், நீரிழிவு உள்ளவருக்கு 0.57367உம் கூட்டப்படும். வந்த தொகையிலிருந்து 23.9802 என்னும் சராசரி கழிக்கப்படும். எஞ்சுவதை இயற்கை அடுக்குக்குறியாக்கிப் பெறும் எண்ணை 0.88936 என்பதன் அடுக்காக வைத்து, விடையை ஒன்றிலிருந்து கழித்தால் ஆபத்து வெளிப்படும். 0.88936 என்பது, ஆய்விலுள்ள சராசரி ஆணொருவர் பத்தாண்டும் நோயின்றிக் கழிக்கும் நிகழ்தகவாகும்.

ஐம்பத்தைந்து வயதுடைய, புகைக்கும், நீரிழிவற்ற, குருதியமுக்கத்துக்கு மருந்து எடுக்காத ஓர் ஆணை எடுத்துக்கொள்வோம். மேற்குருதியமுக்கம் 140, மொத்தக் கொலஸ்ரரோல் ஒரு டெசிலீற்றருக்கு 220 மில்லிகிராம், எச்.டி.எல். 45 மில்லிகிராம். கணக்கைச் செய்து முடித்தால் அவரது ஆபத்து நூற்றுக்கு 27.4 என வரும்.

இச்சமன்பாட்டை வேறொரு கணனியிற் பிரதிசெய்பவர் சராசரியைக் கழிக்க மறந்துவிட்டால் விடை நூற்றுக்கு நூறு என வரும். எவருக்கு எண்களை இட்டாலும் அப்படியே வரும். அப்பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும், அன்றே அகப்பட்டுவிடும். ஆனால் பிறிதொரு பிழையைப் பார்க்கலாம். ஐக்கிய இராச்சியம் முதலான நாடுகளிற் கொலஸ்ரரோல் மில்லிகிராமில் அன்றி மில்லிமோலில் அளக்கப்படும். அவ்வளவையில் மேற்கூறியவரின் மொத்தக் கொலஸ்ரரோல் 5.69, எச்.டி.எல். 1.16. இவ்வெண்களை அலகு மாற்றாமல் அதே சமன்பாட்டில் இட்டால் விடை 14.7 என வரும். ஒரு காரணி கூட்டப்படுவதும் மற்றது கழிக்கப்படுவதுமாக இருப்பதால் இரு பிழைகளும் ஒன்றையொன்று பெருமளவு மறைத்துவிடுகின்றன. ஐம்பத்தைந்து வயதினர் ஒருவருக்கு நூற்றுக்குப் பதினைந்து என்பது நம்பத்தக்க எண்ணே. எவரும் ஐயுறமாட்டார். ஆபத்து நூற்றுக்கு இருபதுக்கு மேற்பட்டோருக்கே மருந்து என விதி அமைந்த இடத்தில், 27 உடையவர் மருந்து பெறுவார். 15 உடையவர் புத்திமதி மட்டும் பெற்று வீடு திரும்புவார். மனிதர் ஒருவரே, சமன்பாடும் ஒன்றே. இடையில் தவறியது அலகு என்னும் ஒரு சொல் மட்டுமே.

மாதிரியுரு தன் தாய்வீட்டில் இருக்கும்வரை இத்தகைய செய்திகளைத் தரவுக் கோப்பே சுமந்துகொண்டிருக்கும். வெளியேறும்போது எண்களோடு அவற்றையும் எழுதி அனுப்பாவிட்டால், எண்கள் போய்ச் சேரும். பொருள் போய்ச் சேராது. 1990களின் பிற்பகுதியில், மாதிரியுருக்களை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொரு மென்பொருளுக்குக் கொண்டுசெல்வதற்கெனப் பி.எம்.எம்.எல். என்னும் பொதுக் குறிமொழி வகுக்கப்பட்டமையும் இத்தேவையினாலேயே எனலாம். எடைகளோடு மாறிகளின் பெயரையும் வகையையும் ஒழுங்குற எழுதுவதற்கு அது இடமளித்தது.

அயலூரிற் சமன்பாடு

அலகைச் சரியாக எழுதிவிட்டாலும் முடியாத வேறொரு சிக்கல் உண்டு. பிறேமிங்ஹாம் ஆய்விற் சேர்ந்தோர் பெரும்பாலும் ஐரோப்பிய வழிவந்த வெள்ளையர். 0.88936 என்னும் எண் அவர்களுடைய ஊரின் எண். அவர்களுடைய காலத்தின் எண். அதனை வேற்றூரிற் பயன்படுத்தலாமா என்ற வினா 2000ஆம் ஆண்டை அடுத்துத் தீவிரமடைந்தது.

2001இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவின் வெவ்வேறு இனத்தாரிடையே சமன்பாட்டைச் சோதித்தது. வெள்ளையரிடத்தும் கறுப்பினத்தவரிடத்தும் அது நன்கு பொருந்தியது. யப்பானிய அமெரிக்க ஆண்கள், ஹிஸ்பானிய ஆண்கள், அமெரிக்க ஆதிக்குடிப் பெண்கள் ஆகியோரிடத்து உள்ளதை விஞ்சிய ஆபத்தைக் கூறியது. 2003இல் பிறின்டில் முதலானோர் பிரித்தானிய நகரங்கள் இருபத்து நான்கைச் சேர்ந்த 6,643 ஆண்களின் பத்தாண்டு வரலாற்றோடு சமன்பாட்டை ஒப்பிட்டனர். இருதய நாடி நோயினால் நூற்றுக்கு 4.1 பேர் இறப்பர் எனச் சமன்பாடு கூறியது, இறந்தோர் 2.8 பேர். நோயுறுவோர் 16.0 பேர் எனக் கூறியது, நோயுற்றோர் 10.2 பேர். 2004இல் 30,121 சீனரிடையே நடத்தப்பட்ட சோதனையும் அத்தகைய முடிவையே தந்தது.

எனினும் இச்சோதனைகளிலிருந்து ஆக்கபூர்வமான உண்மை ஒன்றும் வெளிப்பட்டது. யார் கூடிய ஆபத்துடையவர், யார் குறைந்த ஆபத்துடையவர் என வரிசைப்படுத்துவதில் சமன்பாடு பல இடங்களிலும் ஓரளவு வெற்றி கண்டது. தவறியது மட்டத்திலேயே. அந்தந்த மக்களின் சராசரியையும் நோய் நிகழ்வு வீதத்தையும் பழைய எண்களுக்குப் பதிலாக இட்டபோது கணிப்புப் பெரிதும் திருந்தியது. ஆகவே சமன்பாட்டில் இரு பகுதிகள் உள்ளன எனலாம். காரணிகளின் எடை என்னும் பகுதி நெடுந்தூரம் பயணஞ் செய்யவல்லது. அடிப்படை வீதம் என்னும் பகுதியோ ஊரை விட்டுப் பெயராதது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பியதே தவறு.

பிரித்தானியாவில் வாழும் தென்னாசியரிடத்துச் சிக்கல் மறுதலையாக இருந்தது. அவர்களிடையே இருதய நோய் மிகுதி. சமன்பாடு கூறிய ஆபத்தோ குறைவு. 2008இல் வெளியான தேசிய வழிகாட்டி, தென்னாசிய ஆண்களுக்குச் சமன்பாடு தரும் விடையை 1.4ஆற் பெருக்கிக்கொள்ளுமாறு கூறியது. பஞ்சாபியரும் வங்காளியரும் குஜராத்தியரும் தமிழரும் ஒரே பெருக்கெண்ணுள் அடங்கினர். அது அவசரத் திருத்தமே என்பதில் ஐயமில்லை. ஆயினும் திருத்தமின்றி விடுவதிலும் அது மேலானது என்பதையும் மறுத்தற்கில்லை.

மீண்டும் கணனிக்குள்

வைத்தியரின் மேசைக்குக் கணனி வந்தபின் ஊர்தியும் மாறியது. 2007இல் இங்கிலாந்தில் வெளியான கியூறிஸ்க் என்னும் மாதிரியுரு, பிறேமிங்ஹாமைக் கைவிட்டு, அந்நாட்டுப் பொதுவைத்தியரின் கணனிகளிற் சேர்ந்திருந்த பதிவுகளிலிருந்தே பிறந்தது. முதலில் வெளியிட்ட வடிவிற் கொலஸ்ரரோலின் எடை ஏறக்குறைய இல்லாததாகவே காணப்பட்டது. வாசித்தோர் அதனைச் சுட்டிக்காட்டினர். விடுபட்ட தரவுகளை நிரப்பிய முறையிலிருந்த குறை கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது. எடைகள் பகிரங்கமாக வைக்கப்பட்டமையினாலேயே அப்பிழை அகப்பட்டது என்பது இங்கு கவனிக்கத்தக்கது. 2008இல் வந்த இரண்டாம் வடிவு 23 இலட்சம் பேரின் பதிவுகளிலிருந்து பெறப்பட்டது. இனமும் வறுமையும் அதிற் காரணிகளாயின. இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர் என்போருக்குத் தனித்தனி எடைகள் கிடைத்தன. இலங்கையருக்கெனத் தனி வகுப்பு அமையவில்லை; ‘ஏனைய ஆசியர்’ என்பதே அவர்களுக்கு எஞ்சிய பெட்டி.

இதனை ஆக்கியோர் கணனி நிரலைப் பிறரும் பயன்படுத்துமாறு வெளியிட்டனர். எடைகள் மாறிவிடலாம், உள்ளீடுகள் தவறலாம், ஆதலால் தம் மூலநிரல் தரும் விடையையே பிரதியும் தருகிறதா எனப் பயன்படுத்துவோர் சோதித்தல் வேண்டும் என்னும் எச்சரிக்கையையும் நிரலோடு சேர்த்தே வெளியிட்டனர். அவ்வெச்சரிக்கை வீணன்று. 2016 மே மாதத்தில், இங்கிலாந்தின் பொதுவைத்திய நிலையங்கள் பலவற்றிற் பயன்பட்ட ஒரு மென்பொருளிற் பொருத்தப்பட்டிருந்த கணிப்பான் பிழையான விடைகளைத் தந்துவந்தது என மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் அறிவித்தனர். 2009 முதலான கணிப்புகள் ஐயத்துக்குள்ளாயின. சமன்பாட்டிற் பிழையில்லை. நோயாளரின் பதிவிலுள்ள குறியீடுகளைச் சமன்பாட்டின் மாறிகளோடு இணைத்த இடத்திலேயே பிழை நேர்ந்தது. சிலருக்கு ஆபத்துக் கூட்டியும் சிலருக்குக் குறைத்தும் சொல்லப்பட்டது. நோயாளரை மீண்டும் அழைத்து மருந்தை மீளாய்வு செய்யவேண்டிய நிலை வைத்தியர்களுக்கு ஏற்பட்டது.

கைந்நூலின் காலத்திற் பிழை நேர்ந்திருந்தால் அச்சுப் பக்கத்தைப் பார்த்தே கண்டுகொள்ளலாம். இங்கோ பிழை ஆண்டுக்கணக்கில் திரைக்குப் பின்னே இருந்தது. கணனி கணக்கை விரைவாக்கியது, கண்காணிப்பை எளிதாக்கவில்லை.

இலங்கையும் நிறப்படமும்

இவ்வரலாறு இலங்கையையும் தொட்டு நிற்கிறது. 2007இல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச மிகையமுக்கச் சங்கமும் சேர்ந்து பதினான்கு உபபிரதேசங்களுக்கு ஆபத்துப் படங்களை வெளியிட்டன. பச்சை முதல் கருஞ்சிவப்பு வரை ஐந்து நிறங்கள். கொலஸ்ரரோல் அளக்க வசதியுள்ள இடத்துக்கு ஒன்றும் வசதியற்ற இடத்துக்கு ஒன்றுமாக இரு வகைப் படங்கள். இலங்கை, இந்தோனேசியாவுடனும் தாய்லாந்துடனும் ஒரு பிரிவிற் சேர்க்கப்பட்டது. இந்தியா வேறு பிரிவிற் சேர்ந்தது. 2011 முதல் இலங்கைச் சுகாதார அமைச்சு அமைத்த சுகவாழ்வு நிலையங்களில் இப்படம் பயன்பட்டது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் படங்களைப் புதுப்பித்தது. 85 ஆய்வுகளைச் சேர்ந்த 376,177 பேரின் தரவுகளிலிருந்து எடைகள் பெறப்பட்டன. உலகின் இருபத்தொரு பிரதேசங்களின் நோய்வீதங்களைக் கொண்டு மட்டம் திருத்தப்பட்டது. எடையையும் மட்டத்தையும் பிரித்தறிந்த பாடம் இங்கு நன்கு பயன்பட்டமை தெளிவு. அப்பாகுபாட்டிலும் இலங்கை தென்கிழக்காசியாவிலும் இந்தியா தெற்காசியாவிலும் அமைந்தன.

பருத்தித்துறையில் வாழும் ஒருவரும் வேதாரணியத்தில் வாழும் ஒருவரும் வயதாலும் உணவாலும் உடலாலும் ஒத்திருக்கலாம். இருவருக்கும் படம் வேறு, நிறமும் வேறாகலாம். இலண்டனில் வாழும் இவர்களின் உறவினருக்கு மூன்றாவது ஒரு கணக்கு. இவற்றுள் எது சரி என்பதை எந்தப் படத்தையும் உற்றுப் பார்த்துக் கண்டுகொள்ள இயலாது. படம் கூறியதையும் பத்தாண்டின் பின் நடந்ததையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடுவதே வழி. அதற்கு இங்குள்ள மக்களை இங்கேயே பின்தொடரும் ஆய்வுகள் வேண்டும். களனிப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தினர் 2007இல் இராகமையில் தொடங்கிய சமுதாய ஆய்வு இவ்வகையிற் பாராட்டத்தக்கது. ஆயினும் இராகமையின் எண் மன்னாருக்கோ மட்டக்களப்புக்கோ அப்படியே பொருந்துமெனக் கொள்வது பிறேமிங்ஹாமின் தவறையே சிறிய அளவில் மீண்டும் செய்வதாகும்.

‘பொருந்தாத படம் எதற்கு? வைத்தியரின் அனுபவமே போதாதா?’ என ஒரு சாரார் வினவக்கூடும். குருதிப் பரிசோதனைக்கு வசதியற்ற கிராமத்து நிலையத்தில், நாளொன்றுக்குப் பலரைப் பார்க்கவேண்டிய வைத்தியருக்கு, முதலில் யாரைக் கவனிப்பது எனக் காட்டும் படம் அரிய துணையே. வரிசைப்படுத்தும் பணியைச் சமன்பாடு அயலூரிலும் ஓரளவு செம்மையாகச் செய்ததை முன்னர் கண்டோம். கைவிடவேண்டியது படத்தையன்று, படம் எங்கிருந்து வந்தது என்பதைக் கேளாமல் விடும் வழக்கத்தையே.

முடிவுரை

முன்கணிப்பு மாதிரியுரு தன்னை ஆக்கிய இயந்திரத்தை விட்டு வெளியேறாமற் பயனில்லை. ஆய்வாளரின் கணனிக்குள் அடைந்து கிடக்கும் சமன்பாடு எவருடைய மாரடைப்பையும் தடுத்ததில்லை. கைந்நூலும் நிறப்படமும் புள்ளிக் கணக்கும் நிரலும் அறிவை மக்களிடம் சேர்த்த ஊர்திகள். அவ்வகையில் அவை போற்றத்தக்கன. ஆனால் வெளியேறும் சமன்பாடு எடைகளோடு நான்கு செய்திகளையும் உடன் கொண்டுசெல்லுதல் வேண்டும். ஒவ்வொரு மாறியும் எந்த அலகில், எவ்வாறு அளக்கப்பட்டது. அடிப்படை வீதம் எந்த மக்களுடையது. அது எந்தக் காலத்தது. மூலம் தந்த விடையைப் பிரதியும் தருகிறது எனச் சோதித்தவர் யார் என்பனவே அவை. இரண்டாவதும் மூன்றாவதும் தவறியமையால் நேர்ந்ததை அமெரிக்காவும் பிரித்தானியாவும் சீனமும் கண்டன. நான்காவது தவறியமையால் நேர்ந்ததை 2016இன் இங்கிலாந்து கண்டது.

ஐயாயிரத்து இருநூற்று ஒன்பது பேர் இரண்டாண்டுக்கு ஒருமுறை தம் கைகளை நீட்டி அளக்கக் கொடுத்ததனாலேயே இவ்வெண்கள் பிறந்தன. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இன்று இல்லை. அவர்கள் விட்டுச்சென்ற எடைகள் கடல் கடந்து வந்து, தாம் கேள்வியுற்றிராத ஊர்களின் மனிதரை அளந்துகொண்டிருக்கின்றன. அவ்வளவையில் நூற்றுக்கு எத்தனை என்று கேட்கும் உரிமை நோயாளருக்கு உண்டு. எவருள் நூறு பேருக்கு என்று கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு. இரண்டாவது வினாவுக்கு விடை கூற இயலாத எந்த எண்ணும் முதலாவது வினாவுக்கு முழுமையான விடையாகாது.